பெருவிரல் புடைப்புக்குத் துளை வழி ஆபரேஷன்: சென்னையில் செய்துகொள்ளலாமா?

பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அடியெலும்பு வெளியே துருத்தினால் டாக்டர் சீட்டில் ‘பனியன்’ என்று எழுதுவார். உள்ளே போடும் பனியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கான துளை வழி ஆபரேஷன், வலிக்காகச் செய்தால் நல்ல சிகிச்சை. கால் அழகுக்காக என்றால் வேண்டாம், இன்சூரன்ஸும் தராது. சீட்டில் ‘நடக்கும்போது வலி’ என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று முதலிலேயே பாருங்கள்.

துளைதான் சின்னது, 3 முதல் 5 மி.மீ. உள்ளே நடப்பது சின்ன வேலையல்ல. 2 மி.மீ. பர் (எலும்பைக் குடையும் கருவி) சுழன்று, பெருவிரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பை அதன் தலைக்குச் சற்றுப் பின்னால், கழுத்துப் பகுதியில் முழுசாக வெட்டுகிறது. தலைப்பகுதியைப் பக்கத்து விரல் பக்கம் தள்ளி, வழக்கமாக இரண்டு ஸ்க்ரூ முடுக்குவார்கள். விரலெலும்பிலும் பெரும்பாலும் ஒரு ஆப்பு வெட்டு உண்டு. எல்லாமே சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) திரையைப் பார்த்துத்தான். பர் வேகம் குறைவாக இருக்க வேண்டும், சலைன் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் சூட்டில் துளையோரத் தோல் வெந்துவிடும், எலும்பு கூடுவதும் தாமதமாகும். தோல் நரம்பில் பட்டால் விரலோரம் மரத்துப்போகும். ஸ்க்ரூ தலை துருத்தினால் செருப்பு வார் படும் இடத்தில் உறுத்தும். அதைக் கழற்ற இன்னொரு ஆபரேஷன். ‘லேசரில் சரிசெய்கிறோம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். எலும்பை வெட்டாமல் இந்தச் சாய்வு நிமிராது.

எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா? படுத்து எடுத்த படம் சாய்வைக் குறைத்துக் காட்டும். பெருவிரல் சாய்வு 15 டிகிரிக்கு மேல் போனால் கோளாறு; 40-ஐத் தாண்டினால், அல்லது நடுப்பாத மூட்டு தளர்ந்திருந்தால், அந்த மூட்டை இணைக்கும் ஆபரேஷனே பல சமயம் தேவைப்படும். சர்க்கரை உள்ளவர்கள் காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. டாக்டர் தன் கையால் இதை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கை பழகவே சில டஜன் ஆகும்.

‘மறுநாளே நடக்கலாம்’ என்பது உண்மைதான். ஆனால் பாத்ரூம் வரை. ரங்கநாதன் தெரு வரை அல்ல. முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும், கட்டு நனையக்கூடாது. சுமார் ஆறு வாரம் தட்டையான கெட்டி அடி ஷூ, வீட்டுக்குள்ளும்தான். வாசலில் கழற்றும் பழக்கத்தை அதுவரை மறந்துவிடுங்கள். குத்த வைத்து உட்காரும் கழிப்பறையும் கூடாது, விரல் மடங்கும். வலது கால் என்றால் கார் ஓட்ட முடியாது. இடது கால் என்றால் பைக் கியரைத் தூக்குவது அந்த விரல்தான். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும் பகுதிக்காரர்கள் தை வரை தள்ளிப்போடலாம்.

மெட்டியை ஆபரேஷனுக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வீக்கம் வடிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். புது ஷூ வாங்குவதும் அதற்குப் பிறகுதான்.