லைன் அரே தொங்கவிட வயர் ரோப்பா, ரவுண்ட் ஸ்லிங்கா?

லைன் அரே என்றால் மேடையின் இரு பக்கமும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் ஒலிபெருக்கி வரிசை. எங்களுடையதில் பக்கத்துக்கு எட்டுப் பெட்டி, அவற்றைத் தாங்கும் மேல் சட்டமான பம்பரோடு சேர்த்து ஏறக்குறைய அரை டன். இதைத் தூக்க ஸ்டீல் வயர் ரோப் ஸ்லிங் (கம்பிக் கயிற்றாலான தூக்குக் கயிறு) வாங்குவதா, பாலியஸ்டர் ரவுண்ட் ஸ்லிங் (உறைக்குள் நூல் சுற்றிய வளையம்) வாங்குவதா என்று பார்த்தபோது நாங்கள் வயர் ரோப்பைத்தான் எடுத்தோம். ரவுண்ட் ஸ்லிங் இப்போது ட்ரஸ் (விளக்குகளைத் தாங்கும் அலுமினியக் குழாய்ச் சட்டம்) கட்டுவதற்கு மட்டும்.

ரவுண்ட் ஸ்லிங்கின் நல்ல குணங்கள் தெரிந்தவைதான். எடை குறைவு, கையைக் கிழிக்காது, அலுமினியக் குழாயில் வடு விழாது. பலத்திலும் குறையில்லை, பாதுகாப்பு விகிதம் (அறுக்கும் சுமைக்கும் அனுமதித்த சுமைக்கும் உள்ள விகிதம்) அதற்கு வழக்கமாக 7:1, வயர் ரோப்புக்கு 5:1. ஐரோப்பிய நிறக் குறியீட்டில் ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. மேடைக்கென விற்கும் கறுப்பு ஸ்லிங்கில் லேபிளைத்தான் படிக்க வேண்டும். லேபிள் போய்விட்டால் ஸ்லிங்கையும் கழித்துவிட வேண்டியதுதான்.

பிறகு ஏன் வயர் ரோப்? சோதனைதான் காரணம்.

ரவுண்ட் ஸ்லிங்கில் மொத்தச் சுமையும் உள்ளே சுற்றியிருக்கும் நூலின் மேல்தான். வெளியுறை எதையும் தாங்குவதில்லை. எதைச் சோதிக்க வேண்டுமோ அது கண்ணில் படாது. மணல் புகுந்து நூலை உள்ளுக்குள்ளேயே அறுக்கும்; வேலை முடியாத கட்டடத்தில் ஈர சிமென்ட் பட்டால் அதன் காரம் பாலியஸ்டரை அரிக்கும். விரலால் அழுத்திக்கொண்டே போய் கட்டியோ மெலிந்த இடமோ தட்டுப்படுகிறதா என்று தேடலாம். உறையில் ஓட்டையோ கருகலோ உருகிய பளபளப்போ இருந்தால் தைத்து ஒட்டாமல் தூக்கிப் போட வேண்டும். உறை நன்றாக இருந்தாலோ, நூலும் நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொல்ல வழியில்லை.

வயர் ரோப் கெட்டால் பெரும்பாலும் வெளியே தெரியும். பிசுக்கைத் துடைத்துவிட்டு, கையுறை போட்டு, பருத்தித் துணியைச் சுற்றி மெதுவாக இழுங்கள். அறுந்த கம்பி துணியில் மாட்டும். ஒரு புரி (பல கம்பிகள் முறுக்கிய இழை) ரோப்பை முழுச் சுற்று சுற்றிவரும் நீளத்தை அளவாகக் கொள்ளுங்கள். அந்த நீளத்துக்குள் மொத்தம் 10 கம்பி, அல்லது ஒரே புரியில் 5 கம்பி அறுந்திருந்தால் ரோப்பைக் கழிக்க வேண்டும், அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.எம்.இ. பி30.9 சொல்லும் கணக்கு இது. மடிந்து முறுகியிருந்தாலோ, புரிகள் கூண்டுபோல விரிந்திருந்தாலோ எண்ணவே வேண்டாம். அதிகம் கவனிக்க வேண்டிய இடம் ஃபெருல் வாய், அதாவது முனையிலுள்ள கண்ணை (வளையத்தை) அழுத்திப் பிடிக்கும் உலோகக் குழலின் வாய். ரோப் பக்கவாட்டில் வளையும்போது கம்பி முதலில் அங்கேதான் அறும். கடலோர ஊர்களில் உப்பு ஈரம் தங்கித் துருவும் அங்கேதான் தொடங்கும். லேசாக வளைத்து, புரிகளின் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெப்பம் அடுத்தது. பாலியஸ்டரை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. 250-ஐத் தாண்டினால் உருகத் தொடங்கும். சூடான விளக்கும் மேடை வாணமும் உள்ள இடத்தில் இது சின்ன விஷயமில்லை. அதனால் ட்ரஸ்ஸை ரவுண்ட் ஸ்லிங்கால் கட்டினாலும் கூடவே ஒரு ஸ்டீல் சேஃப்டி (ஸ்லிங் போனால் தாங்கும் துணைக் கயிறு) போடுகிறோம். தொய்வு இல்லாமல் கட்ட வேண்டும். ஒரு அடி விழுந்து நின்றாலே அதிர்ச்சிச் சுமை எடையைப் போலப் பல மடங்காகிவிடும்.

வயர் ரோப்புக்கும் பலவீனம் உண்டு. தன் தடிமன் அளவே உள்ள வளைவில் மடக்கினால் பலம் கிட்டத்தட்டப் பாதியாகும். ஐ-பீமின் கூர் விளிம்பில் அட்டை கொடுக்காமல் சுற்றக் கூடாது. தளத்திலேயே யு-கிளாம்ப் போட்டுச் செய்த கண்ணைத் தூக்குவதற்குப் பயன்படுத்தவே கூடாது. அழுத்திய ஃபெருல்தான் வேண்டும்.

ஸ்டீல் உள்ளீடு உள்ள ரவுண்ட் ஸ்லிங்கும் கிடைக்கிறது. சிலவற்றில் உறையைத் திறந்து பார்க்க வழி உண்டு, தீ பயமும் குறைவு. மழையில் பல சீசன் ஓடியபின் உள்ளே துரு எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை. வாங்கினால் திறந்து பார்க்க முடிகிற வகையையே வாங்குவோம்.

எந்த வகையானாலும் எண் தகடு மாட்டி, சோதித்த தேதியை எழுதி வையுங்கள். கழித்ததை அன்றே இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுதாகக் கிடந்தால் அவசரத்தில் யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள்.