காரணம் சொல்லாத நோட்டீஸ்: ஒரு வேதியியல் ஆசிரியரின் வீடியோ தள அனுபவம்

பிளஸ் டூ வேதியியல் பாடங்களை நான் ஏற்றும் கல்வி வீடியோ தளத்தில் தானும் சேரலாமா என்று விலங்கியல் எடுக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். வீடியோ எடுப்பது, பிளேலிஸ்ட் போடுவது எல்லாம் அவருக்கே தெரியும். அவருடைய கவலை ஒன்றுதான்: "சார், திடீர்னு வீடியோவைத் தூக்கிடுவாங்களா?"

தூக்குவார்கள். அதைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். தளத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் உலோகவியல் பாடம் இருக்கிறது. அதில் அலுமினோ தெர்மிட் முறை வரும். குரோமியம் ஆக்சைடோடு அலுமினியத் தூளைக் கலந்து, மெக்னீசியமும் பேரியம் பெராக்சைடும் சேர்ந்த கலவையால் பற்றவைத்தால், 2400 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கிளம்பி, குரோமியம் தனியே பிரிந்துவிடும். இதே வினையை இரும்பு ஆக்சைடை வைத்து நடத்தித்தான் ரயில் தண்டவாளங்களை ஒட்டுகிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை, பாடநூலில் அச்சாகியிருப்பதுதான். வீடியோவில் நான் எதையும் கொளுத்திக் காட்டவும் இல்லை. கரும்பலகையில் சமன்பாடு எழுதி, எது ஒடுக்கமடைகிறது, எது ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று விளக்கினேன், அவ்வளவுதான். பொதுத்தேர்வு நெருங்கிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வீடியோ காணாமல் போனது. 'ஆபத்தான செயல்கள்' விதியை மீறியதாம்.

நீக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நோட்டீஸைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்த நிமிடத்தில் தவறு? பேச்சிலா, படத்திலா, தம்ப்நெயிலிலா, கீழே எழுதிய குறிப்பிலா? முடிவெடுத்தது மனிதரா, இயந்திரமா? ஒன்றும் இல்லை. விதியின் பெயரும், பொதுவான விதிப் பக்கத்துக்கு ஒரு இணைப்பும் மட்டும். ஒரு விடைத்தாளில் எங்கேயும் சுழிக்காமல் பூஜ்யம் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் மாணவன் என்ன செய்வான்? அந்த நிலைமைதான். எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் திருத்தி ஏற்றிவிடுவேன். தெரியாததால், அடுத்த பாடம் எடுக்கும்போதே பயம் வந்துவிடுகிறது. நைட்ரோ சேர்மங்களைப் பற்றி வெடிபொருள் என்ற சொல் இல்லாமல் எப்படிப் பேசுவது? அமிலத்தை நீர்க்கச் செய்வதைக் காட்டலாமா, கூடாதா? வகுப்பில் தயங்காமல் சொல்வதை இங்கே பாதியில் விழுங்குகிறேன். அந்த நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அத்தனை வீடியோக்களையும் மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க முடியாது. பார்ப்பவர்களுக்கும் அது மனதைப் பாதிக்கும் வேலை. ஆனால் இயந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது 2020இல் தெரிந்துவிட்டது. கொரோனாவால் பரிசீலனை ஊழியர்கள் வேலைக்கு வர முடியாதபோது யூடியூப் தானியங்கி முறையை அதிகம் நம்பியது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் 1.14 கோடி வீடியோக்கள் நீக்கப்பட்டன. மேல்முறையீடு செய்யப்பட்டவற்றில் ஏறத்தாழ பாதி திரும்ப வந்தன. இது நான் பாடம் போடும் தளத்தின் கணக்கு இல்லை. ஆனாலும் அதைப் படித்தபோது என் கோபத்துக்கு ஆதாரம் இருப்பதாகத் தோன்றியது.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ள சமூக ஊடகத் தளம் தானாக முன்வந்து ஒரு பதிவை நீக்கினால், நீக்குமுன் காரணத்தைச் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று இருந்தது; 2026 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பின் அது 7 நாள். ஐரோப்பாவில் 2024 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முடிவில் தானியங்கி முறைக்குப் பங்கு உண்டா என்பதையும் அங்கே சொல்லியாக வேண்டும். நான் பயன்படுத்தும் தளம் அந்த 50 லட்சக் கணக்கில் வருமா என்பது வேறு விஷயம். ஆசிரியர்களை நம்பி நடக்கும் தளத்துக்குச் சட்டம் வந்து கட்டாயப்படுத்தவா வேண்டும்?

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். முறையீடு மனிதர் கைக்குப் போய்விட்டால் வேலை ஒழுங்காக நடக்கிறது. பாடநூலில் எந்தப் பகுதி, எந்த வகுப்புக்கு, வீடியோவில் செய்முறை எதுவும் இல்லை என்பதை நாலு வரியில் எழுதி அனுப்பினேன். தெர்மிட் பாடம் திரும்ப வந்தது. அதற்குள் வேதியியல் தேர்வு முடிந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கமெண்ட் பகுதியில் கிடைத்தது. "நோட்ஸ் அனுப்புங்க சார்" என்று கேட்டு, கீழே தங்கள் வாட்ஸப் எண்ணையும் போட்டுவிடுவார்கள் பிள்ளைகள். பெண் பிள்ளைகளும் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தளம் தொலைபேசி எண் உள்ள கமெண்ட்டை வெளியிடாமல் நிறுத்தி, எனக்கு மட்டும் காட்டுகிறது. எண்ணை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் மறுபடி போடும்படி அந்தப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு குறிப்பும் போகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து பிள்ளைகளை நினைத்துச் செய்த வேலை இது. இதற்காக அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். கெட்ட வார்த்தைகளும், "சார் வேணாம், இந்த ஆப்ல சேருங்க" என்று வரும் விளம்பரங்களும் பெரும்பாலும் அங்கேயே தடுக்கப்படுகின்றன. இவ்வளவு அக்கறை உள்ளவர்களுக்கு ஒரு நோட்டீஸில் நிமிடத்தையும் நொடியையும் குறிப்பிட முடியாதா?

ஆகவே மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். பாராட்டியதை எல்லாம் கூட்டினால் நான்கு வர வேண்டும், தெரியும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பாடத்தைப் பறிகொடுத்தவனின் மதிப்பெண் இது. ஆனாலும் சேனலை மூடப்போவதில்லை. கமெண்ட்டில் பிள்ளைகள் இப்படிப் பத்திரமாகச் சந்தேகம் கேட்கும் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

விலங்கியல் நண்பருக்கு என் யோசனை: சேருங்கள். மனித இனப்பெருக்கப் பாடத்தை மட்டும் டிசம்பர், ஜனவரி வரை தள்ளாமல் ஜூனிலேயே ஏற்றிவிடுங்கள். முதல் நிமிடத்திலேயே வகுப்பையும் பாடநூல் பக்க எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதையே கீழே குறிப்பிலும் எழுதுங்கள். நீக்கினால் அன்றைக்கே முறையிடுங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு நகலைப் பள்ளிக் கணினியில் போட்டுவையுங்கள். தளத்தில் இல்லாத நாட்களிலும் லேபில் உட்கார்ந்து பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்.