புற்றுநோய் நிதி நடை: காலையில் சாலையா, மாலையில் மைதானமா?

புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் தோல் புற்றுநோய் விழிப்புணர்வுக்குமாகப் பள்ளியில் ஒரு நடை வைப்பது என்று முடிவானதும், இரண்டு யோசனைகள் மேசைக்கு வரும். ஒன்று, காலை 9 மணிக்குக் கொடியசைத்து, சாலை வழியே 5 கிலோமீட்டர் நடந்து திரும்புவது. மற்றொன்று, மாலையில் பள்ளி மைதானத்திலேயே சுற்றிச் சுற்றி நடப்பது. இரண்டிலும் பிள்ளைகளோடு நடந்திருக்கிறேன். என் ஓட்டு மாலை மைதானத்துக்கே.

முதல் காரணம் வெயில். புற ஊதாக் கதிர்களின் கடுமை காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் எல்லாம் தேவை. சிறு வயதில் தோல் வெயிலில் வெந்துபோவது பிற்காலத்தில் மெலனோமா என்ற கடுமையான தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இதெல்லாம் தெரிந்தும், ‘வெயிலில் கவனம்’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு, தலையில் தொப்பிகூட இல்லாமல் பதினோரு மணிக்கு நடந்து வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காதுமடலும் பின்கழுத்தும் கன்றிப்போயிருந்தன. அந்த அட்டையைவிட அந்தக் கழுத்துதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விடியற்காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிப்பதும் நல்ல வழிதான். ஆனால் பள்ளி நிகழ்ச்சி எதுவும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை. காலையில் ஆகும் தாமதம் பிள்ளைகளை வெயிலுக்குள் தள்ளும். மாலையில் ஆகும் தாமதம் வெயிலிலிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

சாலைக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை மறுக்க முடியாது. ஊர் பார்க்கும். புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ், 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவின் சாலைகளில் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். வழியில் பார்த்தவர்களும் நிதி கொடுத்தார்கள். சரி, மைதானத்துக்கு அந்தச் சக்தி இல்லையா? 1985-இல் அமெரிக்காவின் டகோமாவில் கோர்டி கிளாட் என்ற அறுவை மருத்துவர் ஓர் ஓடுபாதையையே 24 மணி நேரம் சுற்றிச் சுற்றி 27,000 டாலர் திரட்டினார். அவருடன் அரை மணி நேரம் சேர்ந்து சுற்ற நண்பர்கள் 25 டாலர் கொடுத்தார்கள். புற்றுநோய்க்கு நிதி திரட்டும் ‘ரிலே ஃபார் லைஃப்’ நடை பிறந்தது அப்படித்தான். பள்ளிக்கு இது தோதான அளவு. போக்குவரத்துக் கவலை இல்லை, களைத்த பிள்ளை நிழலில் உட்காரலாம், பாட்டி தாத்தாக்களும் ஒரு சுற்று வரலாம்.

மைதானத்தின் உண்மையான பயன், ஓரத்தில் போட்ட ஒரே விழிப்புணர்வு மேசையைப் பிள்ளைகள் பத்து முறை கடப்பதுதான். சாலை நடையில் விழிப்புணர்வு என்பது தொடக்கத்தில் ஒரு சொற்பொழிவு. அது மைக் அணைந்ததும் மறந்துபோகும். மைதானத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு விஷயம் சொல்லலாம். சன்ஸ்கிரீனை வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூச வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்பது ஒரு சுற்று. மச்சத்தின் இரு பாதியும் ஒன்றுபோல இல்லையா, ஓரம் பிசிறாக இருக்கிறதா, பல நிறம் கலந்திருக்கிறதா, 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, மாறிக்கொண்டே வருகிறதா என்று மெலனோமாவின் அறிகுறி பார்ப்பது அடுத்த சுற்று.

கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்ற நம்பிக்கைக்குத் தனியாக ஒரு சுற்று வேண்டும். குறைவாக வரும், ஆனால் வரும். அதுவும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடியில் என்று யாரும் பார்க்காத இடத்தில். இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை, அதனால் சன்ஸ்கிரீன் காப்பாற்றாது. பார்க்கும் கண்தான் காப்பாற்றும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் மெலனோமா வந்தது. 1981-இல், 36 வயதில் இறந்தார். செருப்பைக் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள் என்று ஆசிரியை சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவின் காலையும் பார்ப்பார்கள்.

பணம் வாங்கும் முறையிலும் இரண்டு வழி: சுற்றுக்கு இவ்வளவு, அல்லது மொத்தமாக ஒரு தொகை. சுற்றுக்கணக்கில் உற்சாகம் அதிகம். சுற்றுக்கு ஒரு ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் பிறகு வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும், கால் முடியாத பிள்ளை தன் கையில் ஒரே ஒரு ரப்பர் பேண்டோடு நிற்கும். எனக்கு அது மனசு ஒப்பவில்லை. முடிந்ததை முன்பே கொடுங்கள் என்று கேட்டுவிட்டு, சுற்றுகளைப் பள்ளி முழுவதற்குமாகச் சேர்த்து எண்ணலாம்.

தொடங்கும் நேரத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். ஒரு வாரம் முன்பு மைதானத்தில் ஒருவரை நிற்கவைத்து, அவர் நிழலின் நுனியில் அரை மணிக்கு ஒருமுறை சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருக்கும்வரை வெயில் கடுமை. ஆளைப்போல இரண்டு மடங்கு நீளும் நேரத்தை அழைப்பிதழில் போடுங்கள்.