வேலைக்குத் திரும்புற அம்மாவுக்கு எது ஒத்துவரும்? கையா, பம்ப்பா, கிரீச்சா, டின் பாலா

பிரசவ லீவு முடியப் போகுதுன்னா குன்னூர், கோத்தகிரி பக்கம் அம்மாக்கள் கேக்குற முதல் கேள்வி "தாய்ப்பால் எடுக்க எந்த பம்ப் வாங்கலாம்"னு தான். பம்ப் வேணுமா வேண்டாமான்னு யாரும் கேக்குறதில்ல, நேரா பிராண்டுக்குப் போயிடறாங்க. பகல் பூரா குழந்தைய விட்டுட்டு வேலைக்குப் போறவங்களுக்கு நாலஞ்சு வழி இருக்கு, கீழ கோயம்புத்தூர்ல நல்லா ஓடுறது இங்க மழையிலயும் குளிர்லயும் அப்படியே ஓடாது. நான் எந்தப் பக்கம்னு முன்னாடியே சொல்லிடறேன், முதல்ல கையால பால் பீய்ச்சக் கத்துக்கணும், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் தான்.

கிரீச், அதாவது வேலை நேரத்துல குழந்தையப் பாத்துக்குற இடம், நடந்து போற தூரத்துல இருந்தா வேற யோசனையே வேண்டாம், நேரா போய்க் குடுத்துட்டு வாங்க. தேயிலைத் தோட்டத்துல கிரீச் வைக்கணும்ங்கிறது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே வந்தது. 2017ல பிரசவச் சலுகை சட்டத்தத் திருத்தினப்போ 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துலயும் கிரீச் வேணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பாக்க விடணும்னு சேத்தாங்க. அது போக குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் குடுக்கன்னே தினம் 2 இடைவேளை உண்டு, இத நிறைய பேர் கேட்டு வாங்குறதே இல்ல, கேளுங்க. ஆனா தோட்டத்துல நடக்குறது வேற. கொழுந்து பறிக்கிற மலை ஒரு பக்கம், கிரீச் இன்னொரு பக்கம், ஏறி இறங்கி வரதுக்குள்ள பறிக்கிற கொழுந்தோட எடை குறைஞ்சிடும், எடை குறைஞ்சா கூலி குறையும். எங்க அண்ணி எஸ்டேட்ல வேலை பாக்குறாங்க, எடை போட வர நேரத்துல மட்டும் தான் கிரீச்சுக்கு ஓட முடியும், நடுவுல பால் கட்டிக்கிட்டா செடி மறைவுல பீய்ச்சிக் கீழ விட்டுடுவாங்க. அந்தப் பால சேத்து வைக்க ஒரு சுத்தமான இடம், ஒரு மூடி போட்ட டப்பா குடுத்தாலே அது குழந்தைக்குப் போயிருக்கும்னு நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

சரி, கை. செலவு கிடையாது, கரண்ட் வேண்டாம், கழுவுறதுக்கு உங்க கையும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் தான். கட்டை விரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ, காம்புல இருந்து கொஞ்சம் தள்ளி கருவட்டத்து ஓரமா வச்சு முதல்ல நெஞ்சுப் பக்கம் உள்ள அமுக்கணும், அப்புறம் ரெண்டு விரலையும் சேத்து அழுத்தி விடணும், திரும்பத் திரும்ப இதே தான். தோல் மேல விரல் வழுக்கிட்டே போகக் கூடாது, காம்பைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, புண்ணாயிடும். முதல்ல ரெண்டு நிமிஷம் சொட்டு சொட்டா தான் வரும், நிறைய பேர் அங்கேயே "எனக்குப் பால் இல்ல"ன்னு விட்டுடறாங்க. ஆக்சிடோசின்ங்கிற ஹார்மோன் சுரந்தா தான் பால் இறங்கும், குளிர்லயும் டென்ஷன்லயும் அது லேட் ஆகும். டிசம்பர் ஜனவரில ஊட்டில விரலே விறைச்சுப் போயிருக்கும்ல, அதனால கையத் தேச்சு சூடு பண்ணிட்டு மார்புக்கு வெந்நீர் ஒத்தடம் ஒரு அஞ்சு நிமிஷம் குடுத்துட்டு குழந்தை போட்டோவப் பாத்துக்கிட்டே ஆரம்பிங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பிரசவமான முதல் ரெண்டு மூணு நாள் சீம்பால் கெட்டியா கொஞ்சமா தான் இருக்கும், பம்ப் போட்டா அது டப்பா ஓரத்துலயே ஒட்டிக்கும், அந்த நேரத்துல கை தான் சிறந்தது. குறைன்னா நேரம் தான். ரெண்டு பக்கமும் முடிக்க இருபது முப்பது நிமிஷம் ஆகும், பழகாதவங்களுக்குக் கை வலிக்கும்.

எலக்ட்ரிக் பம்ப் ஜெயிக்கிறது அந்த நேர விஷயத்துல தான். ரெண்டு பக்கமும் ஒண்ணா போட்டா பதினஞ்சு இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும். குறைமாசத்துல பொறந்து குழந்தை இன்குபேட்டர்ல இருக்கு, அம்மா ஒரு நாளைக்கு எட்டு தடவைக்கு மேல எடுத்து அனுப்பணும்னா கண்டிப்பா பம்ப் வேணும், அதுல எனக்கு மறுபேச்சே இல்ல. ஊட்டில ஆபீஸ், குன்னூர்ல வீடு, தனி ரூமும் பிளக்கும் இருக்குன்னாலும் வாங்கலாம். ஆனா இங்க மழைக் காலத்துல மரம் விழுந்து லைன் அறுந்தா கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதனால சார்ஜ் பண்ற மாடலா பாருங்க. அதவிடப் பெரிய தொல்லை ஈரம். துணியே நாலு நாள் காயாத ஊர்ல பம்ப் டியூப் காயுமா, உள்ள ஈரம் நின்னா பூஞ்சை புடிக்கும். ஒவ்வொரு தடவையும் கழுவி ஒதறி சுத்தமான துணி மேல காய வைங்க, பால் டியூபுக்குள்ள ஏறாத மாதிரி தடுப்பு இருக்கிற மாடலா வாங்குங்க. அந்தத் தடுப்பு இல்லாத பழைய பம்ப்ப அக்கா தங்கச்சி குடுத்தாங்கன்னு வாங்கிப் போடாதீங்க. மார்புல வைக்கிற கப் அளவும் முக்கியம், காம்பு உரசி வலிச்சா அளவு தப்பு. இன்னொண்ணு, பம்ப்ல கம்மியா வந்தா உங்களுக்குப் பால் கம்மின்னு அர்த்தமே கிடையாது, நல்லா வாய் வச்சு குடிக்கிற குழந்தை எந்த மெஷினையும் விட நல்லா எடுக்கும். குழந்தை நல்லா மூத்திரம் போகுதா, எடை ஏறுதான்னு மட்டும் பாருங்க.

கைப் பம்ப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கரண்ட் வேண்டாம், விலை கம்மி, ஆனா கை வலியும் அதே, கழுவுற வேலையும் அதே.

எடுத்த பால் 25 டிகிரி வரைக்கும் உள்ள ரூம்ல 4 மணி நேரம், ஃபிரிட்ஜ்ல 4 நாள், ஐஸ் பேக் போட்ட பைல 24 மணி நேரம் தாங்கும். நம்ம ஊரே ஃபிரிட்ஜ் தானேன்னு நாள் பூரா மேசை மேல வச்சிடாதீங்க, ஹீட்டர் போட்ட ரூம், பஸ்ல கூட்ட நெரிசல், மத்தியான வெயில்னு சூடு மாறிட்டே இருக்கும். குடுக்கும்போது வெந்நீர்ல கிண்ணத்த வச்சு வெதுவெதுப்பாக்கினா போதும், அடுப்புலயும் மைக்ரோவேவ்லயும் நேரா சூடு பண்ண வேண்டாம். பாட்டில விட பாலாடைல (சங்கு மாதிரி மூக்கு வச்ச சின்ன கிண்ணம்) குடுக்கச் சொல்லுங்க, சுத்தம் பண்றது சுலபம், குழந்தை ரப்பருக்குப் பழகாது. மாமியார், பாட்டிங்களுக்கு பாலாடை நல்லாவே தெரியும்.

டின் பால், அதாவது டப்பால வர குழந்தைப் பால் பவுடர். தாய்க்கோ குழந்தைக்கோ ஒரு காரணம் இருந்து டாக்டர் சொல்லி குடுக்கிறவங்கள யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அவங்களும் குழந்தைய வளக்கத் தான் பாடுபடறாங்க. ஆனா வேலைக்குப் போறோம்ங்கிற ஒரே காரணத்துக்கு இதுக்கு மாறுறதா இருந்தா கணக்கு போட்டுப் பாருங்க. மூணு மாசக் குழந்தை முழுசா இதுலயே இருந்தா 400 கிராம் டின் மூணு நாலு நாளைக்கு மேல வராது. காசு பத்தலன்னு தண்ணிய அதிகமா ஊத்துறது தான் ஆபத்து, குழந்தை வயிறு ரொம்பும், எடை ஏறாது. பவுடர்ல கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, அதனால 70 டிகிரிக்குக் குறையாத தண்ணில கலக்கி அப்புறம் ஆற வைக்கணும், காலைல ஃபிளாஸ்க்ல ஊத்தின தண்ணி மத்தியானம் அந்தச் சூட்டுல இருக்காது. ஊட்டில தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், 6,500 அடிக்கு மேல இருக்கிறவங்க கொதி வந்த பிறகும் 3 நிமிஷம் விடணும். எருமைப் பாலோ பசும்பாலோ தண்ணி கலந்து குடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கு, ஒரு வயசுக்குள்ள தாய்ப்பாலுக்குப் பதிலா அது வேண்டவே வேண்டாம்.

அம்மா உடம்பையும் பாத்துக்கோங்க. பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை போடச் சொல்லி நர்சம்மா குடுப்பாங்க, அத டீயோட போட்டா உடம்புல ஒட்டாது, நம்ம ஊர்ல மணிக்கொரு டீ குடிக்கிறவங்க மாத்திரைக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடணும். வேலை மும்முரத்துல பால் எடுக்காம விட்டு ஒரு பக்கம் கல்லு மாதிரி ஆகி செவந்து காய்ச்சலும் வந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க, அந்தப் பக்கம் பால் குடுக்கிறத நிறுத்தாதீங்க, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, நிறுத்தினா தான் சீழ் கட்டும்.