சாவி கேட்டேன், அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்

கோவை காந்திபுரம் பக்கம் மாடிக்கடைகளில் "ஒரிஜினல் கேம், ஆயுள் முழுக்க" என்று யாராவது ஆசை காட்டினால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் என் மாமன் மகனும் ஆளுக்கு 600 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதைக் கூட விட்டுவிடலாம். மூன்று வாரம் யாரோ ஒருவருடைய பொருளை அனுபவித்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேமின் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. வயல் போட்டு, கோட்டை கட்டி, படை திரட்டிப் போரிடும் கம்ப்யூட்டர் கேம். உலகத்துக்கு 1999இல் வந்தது. எங்களுக்கு 2003 கோடை விடுமுறையில் கோபிசெட்டிபாளையத்தில் வந்தது. எனக்கு அப்புச்சி (அம்மாவின் அப்பா), அவனுக்கு அப்பாரு (அப்பாவின் அப்பா). இருவருக்கும் ஒரே வீடு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். நான்கு கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்து ஒருவர் கோட்டையை ஒருவர் இடிப்போம். 11 என்று அடித்து என்டர் தட்டினால் எல்லா ஸ்பீக்கரிலும் ஒருவன் எகத்தாளமாகச் சிரிப்பான். தோற்றவன் காதில் அந்தச் சிரிப்பு விழுவதற்காகவே ஜெயிக்க வேண்டும் என்று இருக்கும்.

ஒருநாள் எங்களைத் தேடி வந்த அப்புச்சி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். திரையில் ஒரு வயல் விளைந்து ஓய்ந்து பழுப்பாகக் கிடந்தது. மறுபடி விதைக்க 60 மரம் கொடுக்க வேண்டும், கொடுத்தேன். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போட்டவர் அவர். "விதைப்பதற்கு மரத்தையா கேட்கிறான்? எந்த ஊர் வெள்ளாமை இது?" என்றார். அன்றைக்கு நாங்கள் ஆடியது திருட்டு சிடி. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டோம். இப்போது நான் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் அவன் ஈரோட்டிலும் சம்பாதிக்கிறோம், இந்த முறையாவது காசு கொடுத்து வாங்கலாம் என்று நல்ல எண்ணத்தோடு கிளம்பிய இடத்தில்தான் மாட்டினோம்.

2019 நவம்பரில் அதே கேமைப் புதுப்பித்து டெஃபினிட்டிவ் எடிஷன் என்று வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் அதற்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் இணைப்பு வந்தது. அதில் திராவிடர் தனி நாகரிகம். உருமி என்ற சுருள்வாளை வீசும் வீரர்கள், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திர சோழன் படையெடுப்பு எல்லாம் உண்டு. வேலையாட்களும் வீரர்களும் தமிழில் பதில் சொல்கிறார்கள் என்று மாமன் மகன் போனில் சொன்னபோது என்னால் உட்கார முடியவில்லை.

லேப்டாப்புக்கு ராம் போடப் போன கடையில் பேச்சுவாக்கில் கேட்டேன். "எல்லா இணைப்பும் சேர்த்து 600 தானுங்க. ஒரிஜினல்தானுங்க, கவலையே வேண்டாமுங்க." எங்கள் ஊர் மரியாதை ஏமாற்றும்போதும் ஒரு 'ங்க' குறைவதில்லை. இருவருக்கும் சேர்த்து 1,200 ரூபாய் அனுப்பினேன். யுபிஐ திரையில் கடையின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபரின் பெயர் வந்தது. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

உண்மையான கீ, அதாவது கேமைத் திறக்கும் சாவிக் குறியீடு என்றால், ஐந்து ஐந்து எழுத்தாக மூன்று தொகுதி இருக்கும். அதை ஸ்டீம் என்ற கேம் விற்கும் இணையக் கடையில் உங்கள் சொந்தக் கணக்கில் நீங்களே போடலாம், பிறகு கேம் உங்கள் பெயரில் நிற்கும். அவர் கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் யாரோ ஒருவரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. நுழையும்போது கேட்கும் ஐந்தெழுத்துக் குறியீடு அவர் போனுக்குப் போகும், அவர் வாசித்துக் காட்டுவார். "உள்ளே போனதும் ஆஃப்லைனில் போட்டுக்கொள்ளுங்க" என்று ஒரு புத்திமதி வேறு.

முதல் இரவு சொர்க்கம்தான், மறைக்கவில்லை. வயல் ஓய்ந்ததும் தானாகவே மறுவிதைப்பு நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அப்புச்சி இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார். விடிய விடிய ராஜேந்திரனோடு போனேன்.

மறுநாள் மாமன் மகன் அழைத்தான். அவனுக்குக் கொடுத்த சீட்டிலும் அதே பெயர், அதே கடவுச்சொல். ஒருவன் ஆன்லைனில் ஆடினால் மற்றவன் ஆட முடியாது. சேர்ந்து ஆடத்தானே வாங்கினோம்? கடைக்காரரைக் கேட்டால் "தனித்தனியாக ஆடிக்கொள்ளுங்க" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் கேம் இறங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டீமில் ஒரு செய்தி வந்து கிடந்தது, அரைகுறை ஆங்கிலத்தில்: நீ யார், இது என் தம்பியின் கணக்கு, திருப்பிக் கொடு. ஏதோ மோசடிச் செய்தி என்று மூடிவிட்டேன். மூன்றாவது வாரம் உள்ளே நுழையவே முடியவில்லை. கடவுச்சொல் மாறியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. உரியவர் வாங்கிய ஆதாரத்தைக் காட்டி ஸ்டீம் உதவிப் பிரிவு மூலம் கணக்கை மீட்டிருக்கிறார். மோசடி அந்தச் செய்தியில் இல்லை, என் மேசைமேல் கிடந்த சீட்டில் இருந்தது.

கடைக்குப் போனேன். "இன்னொரு 300 கொடுங்க, வேறு ஐடி தருகிறேன்." பில் கேட்டேன், விசிட்டிங் கார்டை நீட்டினார். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதைச் சொன்னதும் ராம் போட வந்த இன்னொருவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இணையவழிப் பணமோசடிக்கு 1930 இருக்கிறது, அங்கேயும் சொல்லியாகிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.

நேர்வழி ஒன்றும் கடினமில்லை. ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கிறார்கள், தள்ளுபடி நாட்களில் நன்றாகக் குறையும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். திராவிடர் வேண்டுமென்றால் அந்த இணைப்பைத் தனியாக வாங்க வேண்டும், மூலக் கேமோடு வராது.

போன ஞாயிறு அவரவர் கணக்கில் வாங்கி, ஈரோட்டிலிருந்து அவனும் திருப்பூரிலிருந்து நானுமாக உட்கார்ந்தோம். என் முதல் ஆட்டை மேய்ச்சலிலிருந்து ஓட்டி வருவதற்குள், அந்த 1,200 ரூபாயை எங்கே கொடுத்தேன் என்று அரட்டைப் பெட்டியில் கேட்டான். கடையின் பெயரை அடித்தேன். பதிலுக்கு 11 என்று மட்டும் வந்தது.