நூலக வரலாறு எழுத எது உதவும்: அக்சஷன் ரிஜிஸ்டரா, மினிட்ஸ் ஃபைலா?

கொடைக்கானலில் 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தின் நூலக நிர்வாக வரலாற்றை ஆய்வுக்கு எடுப்பவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான்: நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் வரிசையாகப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரா, நூலகக் குழுக் கூட்டங்களில் பேசியதையும் முடிவு செய்ததையும் எழுதிவைக்கும் மினிட்ஸ் ஃபைலா?

என்ன கிடைக்கும்?
ரிஜிஸ்டர்: வரிசை எண், நாள், ஆசிரியர், தலைப்பு, விலை, விற்றவர், பில் எண். எந்த வருடம் பணம் வந்தது, எப்போது வறண்டது, எந்தத் துறை முந்திக்கொண்டது எல்லாம் வெளிவந்துவிடும். கடைசியில் இருக்கும் குறிப்புக் கட்டத்தைத் தவறவிடாதீர்கள். தொலைந்ததும் கழித்ததும் அங்கேதான் இருக்கும்; பாதிக் கதை அதுதான்.
மினிட்ஸ்: ஏன் வாங்கினார்கள், யார் தடுத்தார்கள் என்பது. அதுவும் எழுதியவர் மனம்வைத்து எழுதியிருந்தால்!

படிக்க?
ரிஜிஸ்டருக்குப் பொறுமை வேண்டும். மினிட்ஸ் சீக்கிரம் முடியும்.

ஆயுள்?
ரிஜிஸ்டர் கெட்டி பைண்டிங். இருப்புச் சரிபார்ப்புக்கும் தணிக்கைக்கும் வேண்டும் என்பதால் யாரும் எளிதில் தூக்கிப்போட மாட்டார்கள். மினிட்ஸ் பெரும்பாலும் டேக் போட்ட தாள்கள். ஒன்றிரண்டு உருவப்பட்டாலும் தெரியாது. மலை ஈரத்தில் பூஞ்சை இரண்டையும் விடாது.

செலவு, வளர்ச்சி பற்றி எழுத ரிஜிஸ்டர் போதும். அதிகாரம் யாரிடம் இருந்தது என்று எழுத மினிட்ஸ் இல்லாமல் முடியாது. நேரம் குறைவா? சரி, ரிஜிஸ்டரில் தொடங்குங்கள். அப்புறம் இடறும் வருடங்களுக்கு மட்டும் மினிட்ஸைக் கேளுங்கள்.