பிரசங்கம் எழுத லோகோஸா, இ-சோர்டா, வெறும் தாளா?

சபைக் குருவானவரான ஐயர் கிளைச் சபைகளுக்குத் திருவிருந்து கொடுக்கப் போகிற ஞாயிறு, எங்கள் கோயிலில் பிரசங்கம் என் தலையில் விழும். மாதத்துக்கு ஒன்றுதான். ஆனாலும் அரை மணி நேரப் பேச்சுக்கு ஒரு வாரம் முட்டி மோதுகிற ஆள் நான். புதிதாகப் பீடம் ஏறுகிற தம்பிகள் "எதை இன்ஸ்டால் பண்ணணும்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

பிரசங்கத்தில் வேலை மூன்று: வேதபகுதியை ஆராய்வது, எழுதுவது, நின்று பேசுவது. மூன்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவருவதில் லோகோஸ் பெரிய கை. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த மென்பொருள். அதன் 'செர்மன் பில்டர்' பகுதியில் வசன எண்ணைத் தட்டினால் வசனம் முழுதும் வந்து உட்காரும். தலைப்பு போட்டால் அதிலிருந்தே ஸ்லைடு உருவாகும். எழுதி முடித்ததை 'பிரீச்சிங் மோடு' பெரிய எழுத்தில் காட்டும், பக்கத்தில் கடிகாரமும் ஓடும். எந்தப் பகுதியை எந்தச் சபையில் எப்போது பேசினோம் என்ற கணக்கும் அதிலேயே இருக்கும். ஒரே பிரசங்கத்தை ஒரே ஊரில் இரண்டு தடவை செய்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். இப்போது உதாரணக் கதைகளை எடுத்துக் கொடுக்க ஏஐ உதவியாளரும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் நான் போவதில்லை. பனையேறியின் பேரன் உட்கார்ந்திருக்கிற கோயிலில் பனிச்சறுக்குக் கதை எடுபடாது.

தடை காசுதான். 2024 முதல் லோகோஸ் சந்தா முறைக்கு மாறிவிட்டது, கணக்கும் டாலரில். ஆங்கில விளக்கவுரைகளைத் தினமும் புரட்டுகிற குருவானவருக்கு அது கட்டுப்படியாகலாம். மாதம் ஒரு தடவை பேசுகிற என்னைப் போன்றவனுக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

இ-சோர்டும் வேதாகம ஆய்வு மென்பொருள்தான், விண்டோஸில் இலவசம். ரிக் மேயர்ஸ் என்பவர் 2000-ல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, வேறொருவர் செய்த மைசோர்ட் இருக்கிறது. இரண்டிலும் எனக்கு வேண்டியது ஸ்ட்ராங் எண்கள்: மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதைத் தொட்டால் அந்தச் சொல்லும் பொருளும்.

அதன் பலன் என்ன என்று யோவான் 21-ஐ வைத்தே பார்க்கலாம். உயிர்த்த இயேசு பேதுருவிடம், தம்மேல் அன்பு உண்டா என்று மூன்று தடவை கேட்கிறார். ஆங்கிலத்தின் பழைய கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் மூன்று கேள்வியிலும் ஒரே சொல். மூலமொழியான கிரேக்கத்திலோ முதல் இரண்டில் அகபாவோ, மூன்றாவதில் பிலேயோ. இந்த வித்தியாசம் தெரிய ஆங்கில வாசகருக்கு மென்பொருள் வேண்டும். நம் பழைய திருப்புதலை, அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்தால் முதல் இரண்டும் "அன்பாயிருக்கிறாயா", மூன்றாவது "நேசிக்கிறாயா". கறுப்பு அட்டை வேதாகமத்தில் எப்போதிருந்தோ இருப்பதைத்தான் சிலர் மென்பொருளில் கண்டுபிடித்து, மேடையில் புதுச் செய்தியாகச் சொல்கிறார்கள்!

அதோடு முடிந்தால் தாளே போதும் என்பேன். ஆனால் அந்த வித்தியாசத்தை வைத்து "அகபாவோ தெய்வீக அன்பு, பிலேயோ வெறும் மனித நேசம்" என்று பிரசங்கம் கட்டுவது இங்கே வழக்கம். நானும் கட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் இ-சோர்டில் இரண்டு எண்களையும் தேடினேன். பிதா குமாரனில் அன்பாயிருப்பதற்கு யோவான் 3:35-ல் அகபாவோ, 5:20-ல் பிலேயோ. நம் வேதாகமம் இரண்டு இடத்திலும் "அன்பாயிருந்து" என்றே சொல்வதால் கண்ணில் பட வழியே இல்லை. ஒரு நிமிடத் தேடலில் மூன்று பக்கக் குறிப்பு காலி. ஆராய்வதற்கு மென்பொருள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இலவசமானதே இந்த அளவுக்குப் போதும்.

எழுத கூகுள் டாக்ஸ். இ-சோர்டின் எழுதுபகுதி குறிப்பு எடுக்க மட்டுமே லாயக்கு. போனில் குரல் தட்டச்சை வைத்துப் பேசிப் பேசி எழுதுவது எனக்குத் தோதுப்படுகிறது. வாயால் எழுதியது வாக்கியம் நீளாமல் வரும். வேதாகமச் சொற்களைப் பிறகு கையால் திருத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எதில் எழுதினாலும் யூனிகோடில் எழுதுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பழைய பிரசங்கங்கள் என்னிடம் ஒரு பென்டிரைவ் நிறைய உண்டு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். தேடவும் முடியாது.

திரையில் வசனமும் பாட்டும் போடுவது வேறு ஆளின் வேலை. அதற்கான மென்பொருள்களில் ஓபன்எல்பி இலவசம், ஈசிவொர்ஷிப் என்ற இன்னொன்றில் சேர்த்து வைத்த பாடல்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். புரோபிரசென்டர் கேமரா, நேரலை என்று ஓடுகிற பெரிய சபைகளுக்கு. சின்னக் கோயிலுக்கு ஓபன்எல்பி தாராளம்.

மிச்சம் இருப்பது பீடம். டேப்லெட் வாங்கிய புதிதில் அதை வைத்துத்தான் பேசினேன். இரண்டாம் குறிப்புக்கு வரும்போது கட்டைவிரல் பட்டு, பக்கம் எங்கோ ஓடிவிட்டது. தேடிக்கொண்டே "ஆகவே பிரியமானவர்களே" என்று மூன்று தடவை சொன்னேன். முன்வரிசைப் பாட்டி ஒருவர் பிரசங்கம் முடிந்துவிட்டதாக நினைத்துப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். டேப்லெட்தான் வேண்டும் என்பவர்கள் கூகுள் டாக்ஸை அப்படியே திறக்காமல் பிடிஎஃப் ஆக மாற்றி, பக்கம் பக்கமாகத் திருப்புகிற செயலியில் வையுங்கள். ஏரோபிளேன் மோடு கட்டாயம். திரை தானாக அணைவதையும் நிறுத்திவிடுங்கள்.

நான் தாளுக்கே திரும்பிவிட்டேன். 16 புள்ளி எழுத்து, ஒரு பக்கம் மட்டும், வசனங்கள் தடித்த எழுத்தில். பின் அடிப்பதில்லை, திருப்பும் சத்தம் மைக்கில் கேட்கும். அதனால் பக்க எண்ணை மட்டும் நன்றாகப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறேன். எங்கள் பீடத்துக்கு நேர் மேலே மின்விசிறி.